வார்சா போட்டியும் உங்கள் மகளும்

கேள்வி: என் மகளுக்குப் பதினைந்து வயது. ஏழு வயதிலிருந்து பியானோ கற்கிறாள். டிரினிட்டி தேர்வில் எட்டாம் கிரேடை டிஸ்டிங்ஷனோடு முடித்துவிட்டாள். 2025 அக்டோபரில் வார்சாவில் நடந்த ஷோப்பான் போட்டியை அவளோடு சேர்ந்து நானும் யூடியூபில் பார்த்தேன். எங்களுக்கு மிகவும் பிடித்த ஒருவர் இரண்டாம் சுற்றோடு வெளியேறிவிட்டார். அவள் அன்று சாப்பிடவே இல்லை. “தப்பே இல்லாமல் வாசித்தவரை ஏன் அனுப்பிட்டாங்க?” என்று கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நடுவர்கள் எதை வைத்து மார்க் போடுகிறார்கள்? நடுவர்களின் மாணவர்களே ஜெயிக்கிறார்கள் என்று பேசிக்கொள்கிறார்களே, உண்மையா? இப்போது பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு முழுநேரமும் இதற்கே தயாராகப்போவதாகச் சொல்கிறாள். விடலாமா, ஐயா?
ஒரு தாய், கோயம்புத்தூர்

பதில்: அன்புள்ள அம்மா, உங்கள் மகள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வார்சா மேடைவரை வந்து சேர்கிறவர்கள் அத்தனை பேருமே தப்பில்லாமல் வாசிக்கக்கூடியவர்கள்தான். 2025 போட்டிக்கு 600 பேருக்கும் மேல் விண்ணப்பித்தார்கள். காணொளியைப் பார்த்தே பாதிக்கு மேல் கழித்துவிட்டார்கள். மீதிப் பேரை வசந்த காலத்தில் நேரில் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லி, அதிலும் சலித்து, அக்டோபரில் மேடையேறியவர்கள் எண்பது சொச்சம். அதில் 40 பேர் இரண்டாம் சுற்றுக்கு, 20 பேர் மூன்றாம் சுற்றுக்கு, 11 பேர் இறுதிக்கு. இரண்டாம் சுற்றோடு ஒருவர் வெளியேறினார் என்றால், அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த நாற்பது பேரில் அவர் ஒருவர் என்றுதான் பொருள். இதை அவளிடம் சொல்லுங்கள்.

அப்படியானால் எதைக் கேட்கிறார்கள்? ஒரு சின்ன உருப்படியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஷோப்பானின் ஓபஸ் 10-இல் இரண்டாவது எட்யூட் (பயிற்சி உருப்படி), ஏ மைனர். ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். வலது கையின் நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் மூன்றும் வெள்ளைக் கட்டை, கறுப்புக் கட்டை ஒன்று விடாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதே கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கீழே சின்னச் சின்ன கார்டுகளை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரங்களை, தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். கையில் வலுக் குறைந்த விரல்களிடம் ஓட்டத்தைக் கொடுத்திருக்கிறார் ஷோப்பான். ஓட்டம் இழைந்து, மெதுவான சத்தத்தில் போக வேண்டும். கார்டுகள் அதன்மேல் ஏறி மிதிக்கக் கூடாது. சுரங்கள் சரியாக விழுகின்றனவா என்று நடுவர் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பதில்லை. முன்கை எந்த இடத்தில் இறுகுகிறது, இறுகியதும் அந்த மெல்லிய கோட்டில் எங்கே மேடு தட்டுகிறது, ஆரம்பத்தில் இருந்த குரல் கடைசிப் பக்கத்திலும் இருக்கிறதா என்றுதான் காது போகும். தப்பு ஒன்றுகூட இல்லாமல் வாசித்தும் இந்த இடத்தில் கீழே போகிறவர்கள் உண்டு.

மசூர்காவுக்கு வந்தால் கதையே வேறு. போலந்துக் கிராமத்து நடனத்திலிருந்து வந்த வடிவம் அது. மூன்று எண்ணிக்கைத் தாளம்தான். ஆனால் மூன்றும் ஒரே நீளமில்லை. சில இடங்களில் இரண்டாவது அடி இழுபடும், சில இடங்களில் மூன்றாவது அடி அழுந்தும். எவ்வளவு என்பது அச்சடித்த தாளில் இருக்காது. ஷோப்பான் மசூர்கா வாசிப்பதைப் பக்கத்தில் இருந்து கேட்ட சார்ல்ஸ் ஹாலே என்ற பியானோக் கலைஞர், அது மூன்று போலவே இல்லை, நான்கு என்றே எண்ண வருகிறது என்று அவரிடமே சொன்னார். ஷோப்பான் முதலில் மறுத்தார். ஹாலே எண்ணிக் காட்டியதும் சிரித்துக்கொண்டு, எங்கள் நாட்டு நடனத்தின் சுபாவம் அது என்றாராம். வார்சாவில் மசூர்காவுக்கென்றே போலந்து வானொலி தனிப் பரிசு கொடுக்கிறது. 1955-இல் அதை வாங்கியவர் ஷாங்காயில் பிறந்த ஃபூ த்சோங். மொத்தப் போட்டியில் அவருக்கு மூன்றாம் இடம். போலந்து மண்ணில் பிறக்காத ஓர் இளைஞர் அந்தத் தாளத்தின் உயிரைப் பிடித்திருக்கிறார். கோயம்புத்தூரில் இருக்கும் பெண்ணுக்கு இதைவிடத் தெம்பு தரும் செய்தி எனக்குத் தெரியாது.

ஆக, நடுவர்கள் மதிப்பிடுவதில் பெரும்பகுதி ரசனை. ரசனையை எண்ணாக மாற்றும்போது ஒரு சிக்கல் வருகிறது. ஐந்து நடுவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு 10, 10, 10, 3, 3 விழுகிறது. இன்னொருவருக்கு 7, 8, 7, 8, 7. முதலாமவர் மூன்று நடுவர்களை மெய்மறக்கச் செய்தவர். அவர் மொத்தம் 36. இரண்டாமவர் யாரையும் உலுக்கவில்லை, யாருக்கும் கோபமும் வரவழைக்கவில்லை, மொத்தம் 37. மேலே போகிறவர் இரண்டாமவர். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. சராசரி எடுத்தால் இப்படித்தான் வரும். பெரிய போட்டிகளில் பிசிறு தட்டாத, அளவோடு நிற்கும் வாசிப்பு முன்னுக்கு வருவதற்கு இது முக்கியமான காரணம் என்று நான் நம்புகிறேன். அதனால்தான் இளம் பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரி வாசிக்கக் கற்றுக்கொண்டுவிடுகிறார்களோ என்ற கவலையும் எனக்கு இருக்கிறது.

1980-இல் இந்த மதிப்பெண் சிக்கல் வெடித்தே விட்டது. யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த இவோ போகோரெலிச் எவரும் வாசிக்காத விதத்தில் வாசித்தார். சில நடுவர்கள் மிக உயர்ந்த மதிப்பெண் போட, சிலர் அடிமட்டத்தில் போட, இறுதிச் சுற்றுக்கு முன்பே அவர் வெளியேறினார். 1965-இல் அதே மேடையில் முதல் பரிசு வாங்கிய மார்த்தா ஆர்கெரிச் அன்று நடுவர். போகோரெலிச் ஒரு மேதை, அவரை அனுப்பிவிட்ட குழுவில் இனி நான் இல்லை என்று சொல்லி எழுந்து போய்விட்டார். போகோரெலிச்சுக்கு உலகெங்கும் மேடைகள் திறந்தன. பரிசே வாங்காமல் அவர் பெற்ற புகழைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த ஆண்டு முதல் பரிசு வாங்கிய டாங் தாய் சோனைப் பற்றி ஏன் அவ்வளவு பேசுவதில்லை என்று எனக்கு எப்போதும் வருத்தம். ஹனோய்ப் பையன். அமெரிக்கக் குண்டுவீச்சுக் காலத்தில் குடும்பத்தோடு கிராமத்துக்கு இடம்பெயர்ந்து, அங்கே சாதகம் செய்து வளர்ந்தவர். இந்தப் போட்டியில் வென்ற முதல் ஆசியர் அவர்தான்.

மாணவர் விவகாரத்துக்கு அவர் பெயரே நம்மைக் கொண்டுவந்துவிடுகிறது. 2021-இல் முதல் பரிசு வாங்கிய புரூஸ் லியூ டாங் தாய் சோனின் மாணவர். சோன் அந்த ஆண்டு நடுவர்களில் ஒருவர். ஆனால் தன் மாணவருக்கு நடுவர் மதிப்பெண் போடக் கூடாது என்பது அங்கே விதி. அந்த இடம் காலியாக விடப்படும். அது போதுமா என்றால், போதாது. சக நடுவர்களுக்கு யார் யாருடைய மாணவர் என்று தெரியும். நட்பு, மரியாதை எல்லாம் மனித மனத்தில் வேலை செய்யும். அதே சமயம், உலகத்தின் நல்ல ஆசிரியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்களைத்தான் நடுவராகக் கூப்பிட முடியும், திறமையான பிள்ளைகளும் அவர்களிடம்தான் போய்ச் சேர்கிறார்கள். இந்த முடிச்சை முழுக்க அவிழ்க்க வழியில்லை. நடுவர் பெயரோடு மதிப்பெண்களை வெளியிடுவது ஒன்றுதான் நல்ல மருந்து. வார்சாவில் அதைச் செய்கிறார்கள். 2015 இறுதிச் சுற்றில் தென்கொரியாவின் சோங்ஜின் சோவுக்குப் பெரும்பாலான நடுவர்கள் பத்துக்கு ஒன்பதும் பத்தும் போட்டிருக்க, பிரெஞ்சுக் கலைஞர் பிலிப் ஆந்த்ரெமோன் மட்டும் பத்துக்கு ஒன்று போட்டார் என்பது நமக்குத் தெரிந்தது அப்படித்தான். அப்படியிருந்தும் சோ முதல் பரிசு வாங்கினார்.

பரிசு எதற்கு என்பதையும் உங்கள் மகள் தெரிந்துகொள்ள வேண்டும். 2025-இல் முதல் பரிசு 60,000 யூரோ. பணம் இதில் சின்ன விஷயம். பெரியது கச்சேரி வாய்ப்பு. மறுநாளிலிருந்தே ஆர்கெஸ்ட்ராக்களும் இசைத்தட்டு நிறுவனங்களும் தேடி வரும். அமெரிக்காவின் ஃபோர்ட் வொர்த்தில் நடக்கும் கிளைபர்ன் போட்டியில் மூன்று ஆண்டுகளுக்குக் கச்சேரி ஏற்பாடுகளையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். கொரியாவில் இன்னொரு காரணமும் உண்டு. அங்கே ஆண்பிள்ளைகளுக்குக் கட்டாய ராணுவ சேவை. அரசு பட்டியலிட்ட சர்வதேச இசைப் போட்டிகளில் முதல் இரண்டு இடங்களுக்குள் வந்தால், முழு ராணுவப் பணி இல்லாமல் கலைத்துறையிலேயே அந்தக் கடமையை முடிக்கலாம். இருபது வயதில் ஒன்றரை ஆண்டு பியானோவைத் தொடாமல் இருப்பது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைகள் ஏன் அப்படி உயிரைக் கொடுத்து வாசிக்கிறார்கள் என்பது புரியும்.

ஆனால் வாய்ப்புகள் திடுமென்று கொட்டும்போது தாங்கும் பலம் வேண்டும். 1958-இல் மாஸ்கோவில் நடந்த முதல் சைக்கோவ்ஸ்கி போட்டியில் வென்றபோது, அந்தக் கிளைபர்ன் போட்டிக்குப் பெயர் தந்த வான் கிளைபர்னுக்கு 23 வயது. பனிப்போர்க் காலம். அமெரிக்கருக்குப் பரிசு கொடுக்கலாமா என்று சோவியத் தலைவர் குருஷ்சேவ் வரை கேட்டார்கள். நியூயார்க்கில் அவருக்குத் தெருவெங்கும் காகிதத் துண்டுகள் பறக்க ஊர்வலம் நடந்தது. அதற்குப் பிறகு போன இடமெல்லாம் அதே சைக்கோவ்ஸ்கி கான்செர்ட்டோவைத்தான் கேட்டார்கள். 1978-இல், நாற்பது சொச்சம் வயதிலேயே, அவர் மேடையை விட்டு விலகினார். மௌரிசியோ போலினி வேறு வழியில் போனார். 1960-இல் 18 வயதில் வார்சாவில் வென்றவர், வந்த அழைப்புகளில் பெரும்பாலானவற்றை ஒதுக்கிவிட்டு மறுபடியும் படிக்கப் போனார். பியானோ மேதை மிக்கேலாஞ்சலியிடம் பாடம் கேட்டார். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேல் வாசித்தார். போலினி எடுத்த முடிவுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

2025-இல் வென்ற எரிக் லூவை நீங்கள் இருவரும் கேட்டிருப்பீர்கள். அவர் இதே போட்டியில் 2015-இல் 17 வயதில் நான்காம் பரிசு வாங்கியவர். 2018-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் போட்டியில் முதல் பரிசு வாங்கினார். நாடு நாடாகக் கச்சேரி செய்துகொண்டிருந்தவர், பத்து ஆண்டு கழித்துத் திரும்பிவந்து புதியவர்களோடு வரிசையில் நின்றார். இடையில் கழிந்த அந்தப் பத்தாண்டைத்தான் உங்கள் மகள் கவனிக்க வேண்டும்.

இனி பள்ளிக்கூடம். விட வேண்டாம், அம்மா. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முதல் காரணம் கை. 1952-இல் பிரசல்ஸில் எலிசபெத் ராணி போட்டியில் வென்ற லியோன் ஃபிளைஷர், முப்பத்தாறு முப்பத்தேழு வயதில் வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் தாமாகவே மடங்கிக்கொள்வதைப் பார்த்தார். அளவுக்கு மீறிய சாதகமும் அதற்கு ஒரு காரணம் என்று அவரே பின்னாளில் சொன்னார். பல பத்தாண்டுகள் இடது கைக்காக எழுதப்பட்டவற்றை மட்டும் வாசித்தார். வளரும் கைக்கு ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் தாராளம். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு, நடுவில் ஓய்வு. வலி வந்தால் அன்றைக்கு மூடிவிட வேண்டும். “பல்லைக் கடிச்சிட்டு வாசி” என்று யார் சொன்னாலும், அது ஆசிரியராகவே இருந்தாலும், கேட்காதீர்கள்.

இரண்டாவது, தேர்வில் வரும் டிஸ்டிங்ஷன் வேறு, இது வேறு. எட்டாம் கிரேடுக்கு மூன்று நான்கு உருப்படிகளை ஒரு வருடம் மெருகேற்றினால் போதும். வார்சாவில் நான்கு சுற்றுக்கும் சேர்த்து ஒருவர் கையில் இரண்டு மணி நேரத்துக்கும் மேலான இசை தயாராக இருக்க வேண்டும், கடைசியில் ஆர்கெஸ்ட்ராவோடு ஒரு முழு கான்செர்ட்டோ உட்பட. பள்ளியை விட்டு இரண்டு வருடம் ஷோப்பானை மட்டும் உருட்டினால் இது வராது. பாக், மொஸார்ட், பேத்தோவன் எல்லாம் கையில் ஊற வேண்டும். வயலின்காரரோடும் பாடகரோடும் சேர்ந்து வாசித்துப் பழக வேண்டும். 2022-இல் 18 வயதில் கிளைபர்ன் போட்டியில் வென்ற யுன்சான் லிம், அரையிறுதியில் லிஸ்ட்டின் பன்னிரண்டு டிரான்சென்டென்டல் எட்யூட்களையும் ஒரே மூச்சில் வாசித்தார். அவர் அதுவரை படித்ததெல்லாம் கொரியாவிலேயேதான். நல்ல ஆசிரியர் ஒருவர் அமைந்தார். இசைக்கென்றே இருக்கும் பள்ளியும் கல்லூரியும் அவருக்கு இருந்தன. நம் ஊரில் அந்த ஏற்பாடு இன்னும் முழுதாக இல்லை. அதனால்தான் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு வெளிநாட்டுக் கன்சர்வேட்டரிக்கு ஆடிஷன் கொடுக்கும் வழி அவளுக்குத் திறந்தே இருக்க வேண்டும் என்கிறேன். பெரும்பாலான கன்சர்வேட்டரிகள் பள்ளிச் சான்றிதழ் கேட்கும்.

போட்டி வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு தேதியை முன்னால் வைத்துக்கொண்டு படிப்பதில் வரும் கூர்மை வேறு எதிலும் வராது. ஜெர்மனியின் எட்லிங்கன் போட்டி இளையவர்களுக்கானது. 1994-இல் சீனப் பியானோக் கலைஞர் லாங் லாங் அங்கே வென்றார். கிளைபர்ன் அமைப்பும் பதின்வயதினருக்குத் தனிப் போட்டி நடத்துகிறது. முதல் சலிப்பு இந்த மாதிரிப் போட்டிகள் பலவற்றில் காணொளியை வைத்துத்தான். எனவே இந்த விடுமுறையில் அவள் நாற்பது நிமிட நிகழ்ச்சி ஒன்றைத் தயார் செய்யட்டும்: ஒரு பாக், ஒரு முழு பேத்தோவன் சொனாட்டா, இரண்டு எட்யூட், ஒரு மசூர்கா. வீட்டில் இருப்பது நிமிர்ந்த பியானோ என்றால், கிராண்ட் பியானோ இருக்கும் ஓர் அரங்கை அரை நாள் வாடகைக்கு எடுங்கள். இருபது முப்பது பேரை முன்னால் உட்கார வையுங்கள். கேமராவை வலது பக்கத்தில், கைகள் தெரியும்படி வைத்து, நடுவில் நிறுத்தாமல், வெட்டி ஒட்டாமல் ஒரே பதிவாக எடுங்கள். எடுத்ததை அவள் ஒரு வாரம் கழித்து, ஸ்வரத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு தனியாகக் கேட்கட்டும். தனக்குப் பிடிக்காத இடங்களைப் பென்சிலால் குறிக்கட்டும். அந்தத் தாளையும் பதிவையும் எனக்கு அனுப்புங்கள். எந்தப் போட்டிக்கு, எந்த வருடம் என்பதை அதைக் கேட்டபிறகு எழுதுகிறேன்.