எவ்வளவு மெதுவாகப் போக வேண்டும்? எக்செல்லில் ஒரு கியர் கணக்கு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் எக்செல்லைத் திறந்து பார்த்துவிட்டு, அந்த வெற்றுக் கட்டங்களைக் கண்டு மறுபடி மூடிவிடுகிறார்கள். மளிகைக் கணக்கும் மார்க் பட்டியலும் எல்லாப் பாடத்திலும் வந்துவிட்டன. இம்முறை கொஞ்சம் வேறு மாதிரியான கணக்கு ஒன்றைப் போடுவோம். இதில் நான் ஒரு தவறு செய்தேன். அதனால் ஒருவர் தேவையில்லாத பெரிய செலவில் இறங்க இருந்தார். அதே தவறை நீங்களும் செய்ய வாய்ப்புண்டு என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

நான் கலிபோர்னியாவில் சாக்ரமென்டோ நகரில் வேலை செய்கிறேன். அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவரிடம் 1990களின் தொடக்கத்தில் வந்த டொயோட்டா பிக்கப் டிரக் ஒன்று உள்ளது. 22ஆர்இ எஞ்சின், ஐந்து கியர், நான்கு சக்கரங்களுக்கும் இழுவை. கோடையில் அதை எடுத்துக்கொண்டு ரூபிகான் ட்ரெயிலுக்குப் போவார். ஜார்ஜ்டவுன் பக்கத்திலிருந்து தாஹோ ஏரிவரை சியரா நெவாடா மலையில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளும் பாதை அது. பாதை என்று பெயர்தான், பெரும்பகுதி உருண்டு கிடக்கும் கருங்கல் பாறைகள். அதன்மேல் வண்டி ஓடுவதில்லை, ஊர்ந்துதான் போகும்.

முந்தைய கோடையில் பாதி வழியில் அவருடைய கிளட்ச் கருகிவிட்டது. முதல் கியரில் போனாலும் வண்டி வேகமாகப் போகிறது, அதனால் பாதி கிளட்சிலேயே ஓட்ட வேண்டியிருந்தது என்றார். டிரான்ஸ்ஃபர் கேஸை மாற்றப் போகிறேன், எதை வாங்கலாம் என்று கணக்குப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். வண்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கணக்குத்தானே என்று ஒப்புக்கொண்டேன்.

டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பது கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு சிறிய பெட்டி. எஞ்சின் சக்தியை முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் பிரித்து அனுப்புவது இதன் வேலை. இதற்கென்று தனி லீவர் உண்டு. ஹை நிலையில் வந்த சுற்று அப்படியே வெளியே போகும். லோ நிலையில் உள்ளே சிறிய பல்சக்கரம் பெரியதைச் சுற்றுவதால் வேகம் குறைந்து இழுவை கூடும். இந்த டொயோட்டாவில் லோ விகிதம் 2.28. அதாவது உள்ளே 2.28 சுற்று சுற்றினால் வெளியே ஒரு சுற்று. மலைப்பாதையில் பஸ் டிரைவர் முதல் கியருக்கு இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கும் கீழே இன்னொரு படி இறங்குவது போல. எண் பெரிதாக இருந்தால் கியர் தாழ்வு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். எனக்கு இதுவே முதலில் குழப்பமாக இருந்தது.

முதல் கியர் விகிதம், டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ விகிதம், ஆக்சிலில் உள்ள கிரவுன் பினியன் விகிதம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் வருவதைக் கிரால் ரேஷியோ என்கிறார்கள். எஞ்சின் எத்தனை முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும் என்பதே இது. இதை எக்செல்லில் போடுவோம். எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் இதே போலச் செய்யலாம்.

ஏ1 செல்லில் கியர், பி1 செல்லில் விகிதம் என்று தலைப்புக் கொடுங்கள். பி2 முதல் பி6 வரை ஐந்து கியர்களின் விகிதங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக டைப் செய்யுங்கள்: 3.95, 2.14, 1.38, 1.00, 0.85. பி7ல் ஆக்சில் விகிதம் 4.10. பி8ல் டயரின் விட்டம் 33 அங்குலம். பி9ல் ஆக்சிலேட்டரைத் தொடாதபோது எஞ்சின் சுற்றும் வேகம், நிமிடத்துக்கு 750. ஒவ்வொன்றுக்கும் நேராக ஏ காலத்தில் பெயரை எழுதிவிடுங்கள். ஒரு மாதம் கழித்துத் திறந்து பார்க்கும்போது 33 என்பது எதைக் குறிக்கிறது என்று நிச்சயமாக மறந்திருக்கும்.

கொஞ்சம் இடம் விட்டு 12ஆம் வரிசையிலிருந்து டிரான்ஸ்ஃபர் கேஸ்கள். பி12ல் பழைய பெட்டி, 2.28. பி13ல் அதே பெட்டிக்குள் பல்சக்கரங்களை மட்டும் மாற்றும் கிட், 4.7. ஃபிரெஸ்னோவில் உள்ள மார்லின் கிராலர் போன்ற நிறுவனங்கள் இதை விற்கின்றன. பி14ல் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பெட்டிகள் பொருத்துவது. 2.28ஐ 2.28ஆல் பெருக்கினால் 5.20. பி15ல் இரட்டைப் பெட்டியில் ஒன்றுக்கு மட்டும் 4.7 கிட், அதாவது 10.72.

இப்போது நான் செய்த தவறு. சி12ல் சமக்குறி போட்டு, முதல் கியர் உள்ள பி2வைக் கிளிக் செய்து, நட்சத்திரக் குறி போட்டு, பி12ஐக் கிளிக் செய்து, மறுபடி நட்சத்திரம் போட்டு 4.1 என்று டைப் செய்து என்டர் கீயை அழுத்தினேன். 36.9 என்று வந்தது, சரிதான். பிறகு அந்தச் செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தை மவுஸால் பிடித்து ஒரு கட்டம் கீழே இழுத்தேன். 4.7 கிட்டுக்கு நேராக 41.2 என்று வந்தது.

மூன்று நாள் கழித்துச் சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை. அப்போதே அவரைக் கூப்பிட்டு, “இந்தக் கிட்டால் பெரிய லாபம் இல்லை, 12 சதவீதம்தான் குறைகிறது” என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. அப்படியானால் இரட்டைப் பெட்டிதான் வழி என்றார். இரட்டைப் பெட்டி என்றால் நடுவில் அடாப்டர் வேண்டும், புரொப்பெல்லர் ஷாஃப்ட்கள் இரண்டின் நீளத்தையும் மாற்ற வேண்டும், பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தையும் நகர்த்த வேண்டும். செலவு எங்கேயோ போய்விடும். அன்று மாலையே ஆர்டர் கொடுக்க இருந்தார்.

அதற்கும் ஒரு வரி சேர்த்துக் கொடுக்கலாமே என்று சி13ஐ மேலும் கீழே இழுத்தேன். இரட்டைப் பெட்டிக்கு 29.4 என்று வந்தது. அவர் திரையைப் பார்த்தார். “இரண்டு பெட்டி வைத்தால் வண்டி முன்பைவிட வேகமாகப் போகுமா?” என்று கேட்டார். எக்செல் தெரியாத மனிதர் ஒரு நொடியில் பிடித்துவிட்டார். பொறியியல் படித்த நான் அசடு வழிந்தேன்.

நடந்தது இதுதான். ஃபார்முலாவைக் கீழே இழுக்கும்போது எக்செல் அதில் உள்ள செல் பெயர்களையும் ஒவ்வொரு படியாகக் கீழே நகர்த்துகிறது. பி12 என்பது பி13 ஆக வேண்டும், அது நல்லது. ஆனால் பி2 என்பதும் பி3 ஆகிவிட்டது. அங்கே இருப்பது இரண்டாவது கியர், 2.14. அடுத்த வரியில் மூன்றாவது கியர். அதனால்தான் விடை தப்பாக வந்தது. 41.2 என்பது பார்க்க நம்பும்படி இருந்ததுதான் ஆபத்து. 4100 என்று வந்திருந்தால் நானே சுதாரித்திருப்பேன்.

இதைத் தடுக்கத்தான் டாலர் குறி. சி12ஐ அழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். சமக்குறி போட்டு பி2வைக் கிளிக் செய்தவுடன் எஃப்4 கீயை ஒருமுறை அழுத்துங்கள். எழுத்துக்கு முன்னும் எண்ணுக்கு முன்னும் டாலர் குறி வந்துவிடும். இனி எங்கே இழுத்தாலும் அந்தச் செல் நகராது. லேப்டாப்பில் எஃப்4 வேறு ஏதாவது செய்தால் எஃப்என் கீயுடன் சேர்த்து அழுத்துங்கள். பிறகு நட்சத்திரம், பி12, டாலர் வேண்டாம். மறுபடி நட்சத்திரம், பி7, எஃப்4. என்டர். 4.1ஐ நேராக ஃபார்முலாவுக்குள் டைப் செய்ததும் என் சோம்பேறித்தனமே. நாளை ஆக்சிலை மாற்றினால் ஒரு செல்லை மாற்றினால் போதும் என்று இருக்க வேண்டும்.

இப்போது கீழே இழுத்தால் 36.9, 76.1, 84.2, 173.5 என்று வரும். 4.7 கிட் இரு மடங்குக்கு மேல் தாழ்வாக இருக்கிறது. நான் சொன்ன 12 சதவீதம் எங்கே, இது எங்கே!

ஒருமுறை சூடு பட்டதால், விடை ஏற்கனவே தெரிந்த ஒரு வண்டியைப் போட்டுப் பார்த்தேன். 2007ல் வந்த ஆறு கியர் ஜீப் ரேங்ளர் ரூபிகானின் முதல் கியர் 4.46, டிரான்ஸ்ஃபர் கேஸ் 4.0, ஆக்சில் 4.10. அதன் கிரால் ரேஷியோ 73.1 என்று அறிவிக்கப்பட்டது. என் தாளிலும் 73.1 வந்த பிறகுதான் மூச்சு வந்தது. புதிய ஃபார்முலா எழுதினால் தெரிந்த விடை ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள், இரண்டு நிமிடம்கூட ஆகாது.

விகிதத்தைவிட வேகம் சொன்னால் எளிதில் புரியும். டி12ல் பி9 × 60 × பி8 × 0.0254 × 3.1416 என்பதை சி12ஆல் வகுத்து, மறுபடி 1000ஆல் வகுக்க வேண்டும். பி8, பி9 இரண்டுக்கும் எஃப்4 அழுத்த மறக்காதீர்கள். 0.0254 அங்குலத்தை மீட்டராக்குகிறது, 3.1416 டயரின் சுற்றளவைத் தருகிறது. விடை மணிக்குக் கிலோமீட்டரில் வரும். பழைய பெட்டிக்கு 3.2, 4.7 கிட்டுக்கு 1.56, இரட்டைப் பெட்டிக்கு 1.41, கடைசிக்கு 0.68.

மணிக்கு 1.5 கிலோமீட்டர் போதும் என்றார் நண்பர். அதற்கு எந்த விகிதம் தேவை என்று எக்செல்லே கண்டுபிடிக்கும். டேட்டா டேப்பில் வாட்-இஃப் அனாலிசிஸ், அதில் கோல் சீக். செட் செல் என்ற இடத்தில் டி12, டு வேல்யூவில் 1.5, பை சேஞ்சிங் செல்லில் பி12 கொடுத்து ஓகே செய்யுங்கள். லிப்ரே ஆபீசில் இது டூல்ஸ் மெனுவில் இருக்கிறது. 4.88 என்று விடை வரும். 4.7 அதற்கு நெருங்கியதுதான். ஆனால் பி12ல் இருந்த 2.28 இப்போது மாறியிருக்கும். உடனே கன்ட்ரோல் இசட் அழுத்தி மீட்டுவிடுங்கள்.

இத்தோடு முடியவில்லை. பாறையில் மெதுவாகப் போவது சரி, மற்ற இடங்களில்? டி1ல் 1, ஈ1ல் 2.28, எஃப்1ல் 4.7 என்று டைப் செய்யுங்கள். டி2வில் எஞ்சின் 3000 சுற்றில் ஓடும்போது வரும் வேகத்துக்கான ஃபார்முலா. 3000 × 60 × பி8 × 0.0254 × 3.1416 என்பதை 1000ஆல் வகுத்து, அடைப்புக்குறிக்குள் பி2, டி1, பி7 மூன்றின் பெருக்கலால் வகுக்க வேண்டும். பி8க்கும் பி7க்கும் எஃப்4 ஒருமுறை. பி2வுக்கு மூன்று முறை அழுத்துங்கள், எழுத்துக்கு முன் மட்டும் டாலர் நிற்கும். டி1க்கு இரண்டு முறை, எண்ணுக்கு முன் மட்டும். இப்போது பக்கவாட்டில் இழுத்தாலும் கியர் மாறாது, கீழே இழுத்தாலும் பெட்டி மாறாது. எஃப்2 வரை இழுத்து, மூன்றையும் சேர்த்து ஆறாவது வரிசை வரை இறக்குங்கள். ஒரே ஃபார்முலாவில் பதினைந்து விடைகள்.

எஃப்6ஐப் பாருங்கள். 4.7 கிட்டுடன் லோ நிலையில் ஐந்தாவது கியரில்கூட மணிக்கு 29 கிலோமீட்டர்தான். ஹை நிலையின் முதல் கியரும் அதே 29. பழைய 2.28ல் இது 60 வரை போகும். சேற்றிலும் மணலிலும் கொஞ்சம் வேகம் இருந்தால்தான் வண்டி புதையாமல் போகும், அங்கே 2.28தான் வசதி. இரட்டைப் பெட்டிக்குச் செலவு செய்கிறவர்கள் இதற்காகத்தான் செய்கிறார்கள் என்று நண்பர் விளக்கினார். தேவைக்கு ஒரு பெட்டியை மட்டும் லோவில் போடலாம். ஹை நிலை எல்லாவற்றிலும் அப்படியே இருப்பதால் நெடுஞ்சாலை ஓட்டத்தில் மாற்றம் இல்லை. ஆக்சில் விகிதத்தை மாற்றினால் அங்கேயும் எல்லாம் மாறிவிடும்.

தாள் சொல்லாத ஒன்றும் உண்டு. வேகம் எத்தனை மடங்கு குறைகிறதோ இழுவை அத்தனை மடங்கு கூடும். சக்கரம் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டு சுழல முடியாமல் நிற்கும்போது அந்த விசை முழுவதும் ஆக்சிலுக்குள் இறங்கும். இந்த வண்டிகளில் முன் ஆக்சிலின் சி.வி. மூட்டு உடையக்கூடும், அதுவும் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பியிருக்கும்போது. 173.5 என்ற எண்ணைக் காட்டி ஆசையாகக் கேட்டேன். “அதை வாங்கினால் ஆக்சிலையும் வாங்க வேண்டும்” என்று சிரித்தார். அவர் போவது பாறைக்குத்தான் என்பதால் 4.7 கிட் போதும் என்று முடிவு செய்தார்.

கிட் பொருத்திய பிறகு ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். தெருவில் பத்து மீட்டர் அளந்து சாக்பீஸால் கோடு போட்டோம். லோவில் முதல் கியர், கால் எந்தப் பெடலிலும் இல்லை. செல்போனில் நேரம் பார்த்தேன், 24 விநாடி. மணிக்கு 1.5 கிலோமீட்டர். தாளில் 1.56 இருந்தது. வண்டியின் எடையில் டயர் கொஞ்சம் அமுங்குவதால் விட்டம் 33க்குக் குறைவாகிறது என்றார் அவர். பி8ல் 32 போட்டுப் பார்த்தேன். 1.51 வந்தது.