வெட்டும் இடத்திலிருந்து தொடங்கு

அன்புள்ள தங்கைக்கு,

பெரம்பலூரிலிருந்து நீ அனுப்பிய படத்தையும் கேள்விகளையும் பார்த்தேன். மே மாதக் கடைசியில் ஜெயங்கொண்டம் பக்கத்துக் கிராமத்துக்கு மூன்று கிலோ கேக். இன்ஜினியரிங் முடித்த பெண்ணுக்கு. நாலு அடுக்கு, உச்சியில் கறுப்புப் பட்டமளிப்புத் தொப்பி. சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டு வாசலில் பந்தல் போட்டு வெட்டுகிறார்கள். "இதே மாதிரி வருமா அக்கா?" என்று கேட்டிருக்கிறாய்.

படத்தில் இருக்கும் கேக் ஏசி அறையில், வெள்ளைச் சுவருக்கு முன்னால் வைத்து எடுத்தது. உன் கேக் பந்தலுக்கு அடியில் வெட்டப்படப்போகிறது. அதனால் படத்திலிருந்து தொடங்காதே. வெட்டும் இடத்தையும் நேரத்தையும் முதலில் மனதில் வைத்து, அங்கிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக முடிவு செய். எந்தக் கிரீம், எத்தனை அடுக்கு, என்ன அலங்காரம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மே மாதத்தில் பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் வெயில் 40 டிகிரியைத் தொடுவதும் தாண்டுவதும் வழக்கம். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். நல்ல சாக்லேட்டில் உள்ள கோகோ வெண்ணெய்க்கும் 34 டிகிரி போதும். ஆகவே அசல் பட்டர் கிரீம் பூசிய கேக் அந்தப் பந்தலில் கால் மணி நேரம் தாங்காது. கடையில் கிடைக்கும் ஃபிரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான். எவ்வளவு அடித்தாலும் அது கெட்டியாக நிற்காது. நம் ஊர் பேக்கரிகள் எல்லாம் பால் சேராத விப்பிங் கிரீமை வைத்திருப்பதற்குக் காரணம் விலை மட்டும் இல்லை, வெயிலும்தான். நீயும் அதையே எடு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்து வாங்கு. 2022 ஜனவரி முதல் உணவு எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம். அளவு அச்சிடாத, பெயர் தெரியாத கிரீமை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதே.

விப்பிங் கிரீமை முந்தின நாளே ஃப்ரீசரிலிருந்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கு. வெளியே வைத்து அவசரமாக உருக்காதே. பாத்திரமும் பீட்டர் கம்பியும் ஃபிரிட்ஜில் குளிரட்டும். அடிக்கும்போது பாத்திரத்துக்கு அடியில் ஐஸ் தண்ணீர் இருக்கட்டும். அடுக்குகளுக்கு நடுவில் வைப்பதற்குக் கொஞ்சம் கெட்டியாகவும், வெளியே பூசுவதற்குக் கொஞ்சம் தளர்வாகவும் அடி. கடைசிப் பூச்சுக்கு உரியதை அதிகம் அடித்துவிட்டால் மேல்பகுதி சொரசொரப்பாகிவிடும். பேலட் நைஃபை எத்தனை முறை இழுத்தாலும் வழவழப்பு வராது.

இப்போது அளவு. மூன்று கிலோவையும் ஒரே கேக்காகச் செய்ய வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கிராமத்தில் விசேஷம் என்றால் சொன்ன ஆட்களோடு நிற்காது. பக்கத்து வீடு, எதிர் வீடு, தெருப் பிள்ளைகள் என்று எல்லோரும் வந்து நிற்பார்கள். கிரீம் கேக் கிலோவுக்கு எட்டு முதல் பத்துத் துண்டுதான் ஒழுங்காக வரும். இரண்டு கிலோவில் அடுக்குக் கேக் ஒன்று செய். மீதியை கிரீம் இல்லாத ஸ்லாப் கேக்காக இரண்டு தட்டில் சுட்டு, அடுப்படியிலேயே சதுரம் சதுரமாக வெட்டிக் கொடுக்கச் சொல். பந்தலில் ஒரு பிள்ளைக்குக் கேக் கிடைக்காமல் போனால் அந்த வீட்டுக்காரர்களுக்கு அது பெரிய குறை. உன் அலங்காரத்தைவிட அதைத்தான் பல வருஷம் பேசுவார்கள்.

இரண்டு கிலோவுக்கு எட்டு அங்குல டின் இரண்டு போதும். ஒரு டின்னுக்கு நாலு முட்டை, 120 கிராம் பொடித்த சர்க்கரை, 120 கிராம் மைதா. முட்டையும் சர்க்கரையும் அடித்துப் பீட்டரைத் தூக்கினால், விழும் கலவை ரிப்பன் மாதிரி மடிந்து சில நொடி மேலேயே நிற்க வேண்டும். மைதாவை மூன்று தவணையாகச் சலித்துப் போட்டு அடியிலிருந்து எடுத்து மெதுவாகக் கல. இந்தக் கேக்கை உப்ப வைப்பது நீ அடித்த காற்றுதான், அது காத்திருக்காது. எட்டு முட்டையையும் சேர்த்து அடித்து, பாதியை மேடையில் வைத்துவிட்டு முதல் டின்னைச் சுட்டால், இரண்டாவது டின் அடை மாதிரி வரும். முதல் டின் வெளியே வந்த பிறகு அடுத்த நாலு முட்டையை உடை. ஓடிஜியில் 170 டிகிரி, முப்பது முதல் முப்பத்தைந்து நிமிஷம். கோடையில் சாயங்கால நேரத்து வோல்டேஜை நம்ப முடியாது, விடிகாலையில் சுடு.

விசேஷம் என்ன கிழமை என்று கேட்டாயா? வெள்ளிக்கிழமை என்றால் முட்டை சேர்ந்த கேக்கைத் தொடாத வீடுகள் உண்டு. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்குத் திங்களும் வெள்ளியும் விசேஷம். அம்மனுக்கு விரதம் இருக்கும் குடும்பங்களுக்கு அந்த இரண்டு நாளுமே கணக்கு. நீ கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். பாட்டி மட்டும் சாப்பிடாமல் ஒதுங்கி உட்கார்ந்திருப்பார். முட்டையில்லாத கேக்குக்குத் தயிர் ஒரு கப், சர்க்கரை முக்கால் கப், எண்ணெய் அரை கப், மைதா ஒன்றரை கப், பேக்கிங் பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன், சோடா அரை டீஸ்பூன். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்த உடனே நுரைக்கத் தொடங்கும். கலந்த கையோடு ஓவனுக்குள் வை.

கேக் ஆறியதும் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிடு. குளிர்ந்த கேக்தான் ரம்பப் பல் கத்திக்கு ஒழுங்காக வெட்டுப்படும். ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டினால் நாலு அடுக்கு. சர்க்கரைப் பாகு அடுக்குக்கு நாலு டேபிள்ஸ்பூனுக்கு மேல் வேண்டாம். குளிர்காலத்தில் நிறைய ஊற்றலாம். மே மாதத்தில் ஊறிய கேக் தன் எடையிலேயே சரியும். அன்னாசிப் பழத் துண்டு, பழ ஜாம் போன்ற ஈரமான உள்ளடக்கமும் வழுக்கும். அதற்குப் பதிலாக நான் சொல்வது முந்திரி.

நீ கேக்கைக் கொண்டுபோகும் ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்காடு. நம்மூரில் பிறந்தநாளுக்கு எல்லோரும் கேட்கும் பட்டர்ஸ்காட்ச் கேக்கில் நறுக் நறுக்கென்று கடிபடுவது சர்க்கரையும் முந்திரியும்தானே. அதைப் பாக்கெட்டில் வாங்காதே. 100 கிராம் சர்க்கரையைத் தண்ணீர் விடாமல் தேன் நிறத்துக்கு உருக்கி, ஒரு ஸ்பூன் வெண்ணெய், 50 கிராம் வறுத்த முந்திரி போட்டு, வெண்ணெய் தடவிய தட்டில் கொட்டி, ஆறியதும் உடை. கிரீமின் ஈரம் பட்டால் ஒரு ராத்திரியில் இளகிவிடும் என்பதால் அடுக்குகளை அன்று காலையில்தான் சேர்க்க வேண்டும். அவர்கள் கொல்லையில் விளைவதை அவர்கள் மகளின் கேக்குக்குள் வைத்துக் கொடுக்கிறாய். வாயில் போட்டதும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இது புதிய வழியும் இல்லை. 1883-இல் கேரளத்துத் தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு என்ற பேக்கரிக்காரர் கிறிஸ்துமஸ் கேக் சுட்டதைத்தான் இந்தியக் கேக்கின் தொடக்கமாகச் சொல்கிறார்கள். அஞ்சரக்கண்டித் தோட்டத்து முர்டாக் பிரவுன் என்ற வெள்ளைக்காரர் இங்கிலாந்திலிருந்து வந்த கேக்கைக் காட்டி, அதே மாதிரி வேண்டும் என்றாராம். பிரெஞ்சு பிராந்தி சேர்க்கச் சொன்னாராம். பாப்பு முந்திரிப் பழத்தையும் வாழைப்பழத்தையும் ஊறவைத்து உள்ளூரில் காய்ச்சியதைச் சேர்த்தார் என்பது அங்கே வழங்கும் கதை. கையில் ஒரு மாதிரியைக் கொடுத்து அதே போலக் கேட்ட முதல் வாடிக்கையாளருக்கே, நம் ஊர்ப் பொருளில் செய்து கொடுத்திருக்கிறார்கள்.

தொப்பி விஷயத்துக்கு வருகிறேன். கறுப்பு கிரீம் வேண்டவே வேண்டாம். நம் நாட்டில் உணவுக்கு அனுமதித்த செயற்கை நிறங்கள் எட்டு. அதில் கறுப்பு இல்லை. கறுப்பு ஜெல் என்பது பல நிறங்களின் கலவை. வெள்ளைக் கிரீமைக் கறுப்பாக்க அதைக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அனுமதித்த நிறமே பெரும்பாலான பண்டங்களில் கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. 2024 பிப்ரவரியில் ரோடமைன்-பி கலந்திருந்ததால் தமிழக அரசு பஞ்சுமிட்டாய்க்குத் தடை போட்டது உனக்கு நினைவிருக்கும். தின்ற பிள்ளைகளின் நாக்கும் உதடும் கறுத்துப் போவதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாதே. தொப்பியை டார்க் காம்பவுண்ட் சாக்லேட்டில் செய். ஒரு சின்ன கப் கேக்கைக் கவிழ்த்து சாக்லேட் பூசினால் தலைப்பகுதி. மேலே ஒரு சதுரப் பலகை. ஓரத்தில் மஞ்சள் குஞ்சம். நிறம் அடர்ந்த பழுப்பாக இருக்கும், இருக்கட்டும். அதைத் தனி டப்பாவில் குளிராக எடுத்துப் போய், வெட்டுவதற்குச் சற்று முன்னால் வை. ஃபாண்டன்ட் தொப்பி செய்தால் ஃபிரிட்ஜிலிருந்து வெளியே வந்ததும் வியர்த்துப் பிசுபிசுக்கும்.

பக்கவாட்டில் என்ன போடுவது என்று கேட்டாய். நீ பெரம்பலூர்க்காரி. வெடித்த பருத்திக்காயைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள். வெள்ளைக் கிரீமில் நாலு உருண்டை, அடியில் சாக்லேட்டில் காய்ந்த காய் ஓடு: பருத்தி ஆகிவிட்டது. நிறமே தேவையில்லை, பெரிய நாசில் ஒன்று போதும், வெயிலுக்கும் ரோஜா இதழைவிட நன்றாகத் தாங்கும். அரியலூர்ப் பக்கம் என்றால் சுருள் சுருளாக அம்மோனைட் புதைபடிவ வடிவம் போடலாம். வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் பள்ளியிலிருந்து போய்வந்த பிள்ளைகள் பார்த்ததும் சொல்லிவிடும்.

பெயரைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தப் பெண் முதல் பட்டதாரியாக இருக்கலாம். 2010-இலிருந்து முதல் பட்டதாரிச் சான்று காட்டி, கல்விக் கட்டணச் சலுகையோடு இன்ஜினியரிங் சேர்ந்த பிள்ளைகள் நம் பக்கத்து ஊர்களில் ஏராளம். அந்த வீட்டில் படித்துப் பட்டம் வாங்கிய முதல் பெயரை நீ எழுதப்போகிறாய். போனில் கேட்டு எழுதாதே. இன்ஷியல், பெயர், பட்டம் மூன்றையும் அவர்கள் கையால் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல். தமிழில் எழுது, படிக்கத் தெரிந்த பாட்டியும் அப்பாவும் தாங்களே படிக்கட்டும். பட்டர் பேப்பர் கூம்பில் உருக்கிய சாக்லேட்டை நிரப்பி, நுனியை ஊசி அளவு வெட்டி, முதலில் எவர்சில்வர் தட்டில் பத்து முறை எழுதிப் பார். ழகரத்தின் வாலும் ணகரத்தின் சுழியும் கூட்டெழுத்தாய்க் குழம்பாமல் வரும்வரை கேக்கின் மேல் கை வைக்காதே.

இனிப் பயணம். பெரம்பலூரிலிருந்து அரியலூர் சுமார் முப்பது கிலோமீட்டர். அங்கிருந்து ஜெயங்கொண்டம் அதே அளவுக்குச் சற்றுக் கூட. சுண்ணாம்புக்கல் லாரியும் சிமென்ட் லாரியும் ஓயாமல் ஓடும் சாலை, வேகத்தடைகள் வேறு. டூ வீலரை மறந்துவிடு. ஏசி காரை வாடகைக்கு எடுத்து, அந்த வாடகையைப் பில்லில் தனியாகக் காட்டு. சாய்ந்த பின் சீட்டிலும், ஏசி வராத டிக்கியிலும் வைக்காதே. முன் சீட்டின் காலடிதான் சமதளம். நாலு அடுக்கின் நடுவிலும் போர்டைத் தொடும்வரை ஒரு தடித்த ஸ்ட்ராவோ குச்சியோ இறங்கியிருக்க வேண்டும். வெளிப்பூச்சு முடித்து நாலு மணி நேரமாவது ஃபிரிட்ஜில் இறுகிய பிறகுதான் அட்டைப் பெட்டி. அதைத் தெர்மகோல் பெட்டிக்குள் ஜெல் பேக்குகளோடு வை.

ஆறு மணிக்கு வெட்டு என்றால் மூன்றரைக்குக் கிளம்பு. பத்தரைக்குள் பூச்சு முடிய வேண்டும். அதற்குக் காலை ஆறு மணிக்கே அடுக்க ஆரம்பிக்க வேண்டும். முந்தின நாள் விடிகாலையில் இரண்டு டின்னும் சுட்டாகிவிட வேண்டும். இந்த இரண்டு நாளில் எதுவாவது உங்கள் துணைமின் நிலையத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளா என்று பேப்பரில் பார்த்துவிடு. காலை ஒன்பது முதல் மாலை வரை கரண்ட் இல்லாத நாளில் இந்தக் கேக் நடக்காது.

ஃபிரிட்ஜ் அந்த வீட்டில் இருக்கிறதா, அதில் பெட்டி நுழையுமா என்பதையும் கேள். இல்லையென்றால் தெர்மகோல் பெட்டியை வெட்டும் நேரம் வரை யாரும் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, நீயே பக்கத்தில் நில்.

உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு வீட்டிலிருந்து விற்பவர்களுக்கும் கட்டாயம். அந்தப் பதினாலு இலக்க எண்ணைப் பெட்டியில் ஒட்டு. முறையாகப் படித்து மேலே வர ஆசை இருந்தால் தஞ்சாவூர் நிஃப்டெம் நிறுவனத்தின் பேக்கரிப் பயிற்சிகளைப் பற்றி விசாரி.

விலையைப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பேக்கரியின் கிலோ விலையோடு ஒட்டி வைக்காதே. அவர்கள் ஒரு நாளில் போடும் கேக்குகளை நீ ஒரு மாதத்தில் போடுகிறாய். பொருள், கரண்ட், இரண்டு நாள் உழைப்பு மூன்றையும் கூட்டிச் சொல், வாடகை வேறு. கேட்டுவிட்டு வேண்டாம் என்றால் விட்டுவிடு. சம்மதித்தால் பாதித் தொகையை முன்பணமாக வாங்கு. இன்று சாயங்காலமே அவர்களுக்குப் போன் போட்டு மூன்று விஷயங்களைக் கேள்: என்ன கிழமை, எத்தனை பேர், பெயர் எப்படி எழுத வேண்டும்.

அன்புடன்,
உன் அக்கா