பிக்கப்புக்கு இரண்டாவது ஆயில் ஃபில்டர் தேவையா?

கேள்வி: நாமக்கல் பண்ணைகளில் முட்டை ஏற்றும் டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன். கூடுதலாக பைபாஸ் ஆயில் ஃபில்டர் மாட்டினால் எஞ்சின் நீடிக்குமா?
– ஒரு வாசகர், ராசிபுரம்

பதில்: நீடிக்க வாய்ப்புண்டு, ஆனால் முதல் செலவு அதற்கு வேண்டாம். வண்டியோடு வரும் ஃபில்டர் வழியாக ஆயில் முழுதும் தடையின்றி ஓட வேண்டும். அதனால் மிக நுண்ணிய துகளை அது விட்டுவிடும். பைபாஸ் ஃபில்டர் ஆயிலில் சிறு பங்கை மட்டும் மெதுவாக வடித்து, சில மைக்ரான் துகளையும் திரண்ட புகைக்கரியையும் பிடிக்கும். பெரிய டீசல் எஞ்சின்கள் பலவற்றில் சுழன்று கசடு பிரிக்கும் ஃபில்டருக்கும் இதே வேலைதான்.

உங்கள் மண்பாதையில் எஞ்சினைத் தேய்ப்பது காற்றோடு நுழையும் புழுதி. ஏர் ஃபில்டரையும் அதன் ஹோஸ் கிளிப்புகளையும் முதலில் பாருங்கள். வாரண்டி முடியும்வரை பைபாஸ் மாட்டாதீர்கள். பிறகு மாட்டினாலும் நல்ல ஹோஸ் போடுங்கள். அது கழன்றால் ஆயில் கொட்டி எஞ்சின் சீஸ் ஆகிவிடும்.