மலையும் ஏரியும்: மைசூரில் மூன்று நடை

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருக்கிறார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அவருக்கு ஒரு வேண்டுதல். மைசூர் சாமுண்டி மலையில் படியேறிப் போய் அம்மனைக் கும்பிட வேண்டும்.

"படி எத்தனை, தம்பி?" என்று கேட்டார்.

"சுமார் 1,000 படி, பெரியம்மா."

அவர் தம் முழங்காலைத் தடவிக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை.

காலையில் கிளம்பினோம். சத்தியமங்கலம், திம்பம், சாமராஜநகர் வழியாகப் பேருந்து போனது. மைசூரில் இறங்கியதும் பெரியம்மாவின் முகம் வாடியது. எல்லாப் பலகையிலும் கன்னட எழுத்து.

"இப்போதுதான் படிக்கக் கற்றேன். இங்கே வந்து மறுபடியும் தெரியாதவள் ஆகிவிட்டேனே!" என்றார்.

நான் ஒரு பேருந்தின் எண்ணைக் காட்டினேன். அதைப் படித்துவிட்டார். சில பலகைகளில் கன்னட எண்கள் இருக்கும். ஆனால் நாம் எழுதும் எண்களே மிகுதி. பேச்சும் அவ்வளவு தூரமில்லை. நாம் நீர் என்பதை அவர்கள் நீரு என்பார்கள். ஊர் என்பது ஊரு. மலைக்குப் பெட்டா, ஏரிக்குக் கெரே. எங்கே என்பதற்கு எல்லி, எவ்வளவு என்பதற்கு எஷ்டு. இந்த ஆறு சொல்லை வைத்துக்கொண்டே பெரியம்மா இரண்டு நாளும் வழி கேட்டார்.

முதல் நாள் பிற்பகல் காரஞ்சி ஏரிக்குப் போனோம். இது சாமுண்டி மலையின் அடிவாரப் பக்கம் இருக்கிறது. மிருகக்காட்சி சாலைக்கு அருகில்தான். கரையோரமாக மர நிழலில் பாதை போகிறது. ஏற்றம் இல்லை. மலைக்கு வந்தவர்கள் முதலில் இங்கே நடந்து பார்ப்பது நல்லது. கால் எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துவிடும்.

ஏரி நடுவே உள்ள மரங்களில் கூழைக்கடாக்கள் உட்கார்ந்திருந்தன. அலகின் கீழே பை தொங்கும் பெரிய பறவை அது. அந்தப் பையால் மீனை வலைபோல் அள்ளும். "சுருக்குப் பை வைத்திருக்கிறது பார்!" என்று பெரியம்மா சிரித்தார். வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும், பறவைகளுக்கு நடுவே நாம் நடந்து போகும் பெரிய கூண்டும் இங்கே உண்டு. நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும். செவ்வாய்க்கிழமை விடுமுறை. அன்று போனால் பூட்டிய கதவைத்தான் பார்க்கலாம்.

மறுநாள் விடியற்காலை மலைக்குப் புறப்பட்டோம். மைசூர் நகரமே கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 770 மீட்டர் உயரத்தில் உள்ளது. மலை உச்சி அதைவிட ஏறக்குறைய 300 மீட்டர் உயரம். படிகள் 17-ஆம் நூற்றாண்டில் தொட்ட தேவராஜ உடையார் காலத்தில் போடப்பட்டவை. அதே காலத்தில்தான் வழியில் உள்ள பெரிய நந்தியையும் ஒரே பாறையில் செதுக்கினார்கள். அடிவாரத்திலிருந்து சுமார் 700 படி ஏறினால் நந்தி வரும். அதற்கு மேல் 300 படி.

மேலே வரை பேருந்து போகிறது. "பேருந்தில் ஏறிப் போய்ப் படியில் இறங்கினால் சுலபம்" என்று பலர் சொல்வார்கள். மூச்சுக்குச் சுலபம்தான். முழங்காலுக்கு அப்படியில்லை. இறங்கும்போது உடம்பின் பாரம் முழுவதும் மடங்கிய ஒரு காலில் வந்து விழுகிறது. மூட்டு வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதே கெடுதல். இதை அறியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் வேறு மாதிரி செய்தோம். ஆட்டோவில் நந்தி வரை போனோம். அங்கிருந்து 300 படி மட்டும் ஏறினோம். (2021-ஆம் ஆண்டு பெருமழையில் நந்திக்குப் போகும் சாலையின் ஒரு பகுதி சரிந்துவிட்டது. எந்த வழியில் வண்டி போகிறது என்று கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.)

பெரியம்மா வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஏறினார். பத்துப் படிக்கு ஒரு விரலை மடக்கினார். பத்து விரலும் மடங்கினால் 100. அப்போது உட்கார்ந்து கொஞ்சம் தண்ணீர் குடிப்பார். முன்னால் ஒரு பெண் ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் இட்டபடி போனாள். வழியில் குரங்குகள் இருந்தன. தின்பண்டப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். பிடுங்கிக்கொள்ளும். மலைக் காட்டில் சிறுத்தையும் உண்டு. ஆகவே இருட்டிய பின் படியில் நடக்கக் கூடாது.

கோயில் வாசலில் பெரியம்மா கைகூப்பி நின்றார். "300 ஏறிவிட்டேன், தாயே. மீதி 700 கடன்" என்றார். திரும்பும்போது பேருந்தில் இறங்கினோம்.

கூட்டம் வேண்டாம் என்றால் ஆஷாட மாதத்து வெள்ளிக்கிழமைகளைத் தவிருங்கள். அது கன்னடர்களின் ஆடி. ஆனால் அமாவாசையைக் கொண்டு எண்ணுவதால் நம் ஆடிக்கு முன்பே தொடங்கிவிடும். தசராவிலும் கூட்டம் மிகுதி.

மாலையில் குக்கரஹள்ளி ஏரி. மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். 1864-இல் மும்முடி கிருஷ்ணராஜ உடையார் பாசனத்துக்காக இதை அமைத்தார். சுற்றி வர 4, 5 கிலோமீட்டர் இருக்கும். பாதி வழியில் திரும்பினாலும் குற்றமில்லை. கன்னடக் கவிஞர் குவெம்பு இந்தக் கரையில் நடந்தவர். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து மைசூரில் வாழ்ந்து ஆங்கிலத்தில் கதை எழுதிய ஆர்.கே. நாராயணும் இங்கே நடந்தவரே.

தண்ணீர் தெளிவாக இல்லை. நகரம் வளர்ந்ததால் கழிவுநீர் ஏரியில் கலந்தது. கழிவில் உள்ள சத்தைத் தின்று பாசி பெருகும். அதனால் நீர் பச்சையாகும். அந்தத் தண்ணீரில் முகம் கழுவ வேண்டாம். குடிக்கத் தண்ணீர் கொண்டு போங்கள்.

பொழுது சாய்ந்தது. நாரைகள் கூட்டமாகத் திரும்பி வந்தன. எதிரே வந்த ஒரு கன்னடத்துப் பாட்டி எங்களிடம் ஏதோ கேட்டார். அதில் 'எல்லி' என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. நான் விழித்தேன்.

பெரியம்மா மலைப் பக்கம் கை காட்டி, "பெட்டா, பெட்டா. 300 மெட்டிலு" என்றார்.

"மெட்டிலு என்றால்?" என்று கேட்டேன்.

"படி. காலையில் குங்குமம் வைத்த பெண்ணிடம் கேட்டுக்கொண்டேன்" என்றார்.