தும்பா ராக்கெட்

தும்பா ஒரு மீனவர் ஊர். திருவனந்தபுரத்தின் அருகே, கடலோரத்தில் உள்ளது.

ராக்கெட் தளம் அமைக்க ஊர் மக்கள் இடம் கொடுத்தார்கள். அவர்களது தேவாலயமே விஞ்ஞானிகளின் அலுவலகம் ஆயிற்று. 1963 நவம்பர் 21ஆம் நாள் முதல் ராக்கெட் கிளம்பியது.

"தும்பா ராக்கெட் நிலாவுக்குப் போகும்" என்பார்கள் சிலர். அது தவறு. தும்பாவில் விடுவது சிறிய ராக்கெட். உயரே போகும். அங்குள்ள காற்றின் நிலையை அளக்கும். பிறகு கடலில் விழும். நிலாவுக்குச் சென்ற சந்திரயான் ஆந்திரத்தின் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது.

"ராக்கெட்டால் ஏழைக்கு என்ன பயன்?" என்றும் கேட்பார்கள்.

பெரிய ராக்கெட் செயற்கைக்கோளை வானில் ஏற்றுகிறது. செயற்கைக்கோள் மேலிருந்து கடலைப் பார்க்கிறது. புயல் உருவானால் படம் அனுப்புகிறது.

"அப்படியானால் இனிப் பயமே இல்லை!" இதுவும் தவறு.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியது. பல மீனவர்கள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. பலர் வீடு திரும்பவில்லை.

செயற்கைக்கோள் பார்த்தால் மட்டும் போதாது. செய்தி படகுக்கும் போய்ச் சேர வேண்டும். கடலுக்குப் போகுமுன் வானிலைச் செய்தி கேட்போம். அதன்படி நடப்போம்.

பேசுவோம்: புயல் செய்தி உங்கள் ஊருக்கு எப்படி வருகிறது?