அப்பாவின் உறக்கத்தை ஒரே பக்கத்தில் பார்த்தபோது

ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் 30 ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர் அப்பா. தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு ஆயர் குரோவுக்குக் குடிவந்துவிட்டோம். ஆனாலும் விடியற்காலை 4 மணிக்குப் பெரட்டுக்குப் போகிறவர் மாதிரி எழுந்து உட்கார்ந்துவிடுவார். இரவெல்லாம் குறட்டை, பகலில் நாற்காலியிலேயே தூக்கம். மாத்திரை போட்டும் காலை நேர ரத்த அழுத்தம் இறங்கவில்லை. பழக்கம்தான் என்று வெகுநாள் விட்டுவைத்தது எங்கள் தவறு.

கையில் ஸ்மார்ட் வாட்ச், தலைமாட்டில் குறட்டையைப் பதிவு செய்யும் கைப்பேசிச் செயலி, ப்ளூடூத் உள்ள பிரஷர் மெஷின் என்று மூன்றை வாங்கிச் சேர்த்தேன். மூன்றும் தனித்தனியாகக் கணக்கு வைத்தன. அவற்றை ஒன்றாக்க ஆண்ட்ராய்டில் ‘ஹெல்த் கனெக்ட்’ இருக்கிறது; ஆண்ட்ராய்டு 14 முதல் அது கைப்பேசியிலேயே வருகிறது. ஐபோனில் ‘ஹெல்த்’ செயலி அதே வேலையைச் செய்யும். இணைத்துப் பார்த்ததில் நான் கற்றுக்கொண்டவை இவை.

ஒன்றை அளக்க ஒரே கருவி. முதல் வாரம் அப்பா 14 மணி நேரம் உறங்கியதாகக் காட்டியது. வாட்சும் கைப்பேசிச் செயலியும் ஒரே இரவை இரண்டு முறை எழுதியிருந்தன. உறக்கத்தை எழுதும் அனுமதியை வாட்சுக்கு மட்டும் வைத்தேன். மொத்தமாகப் பார்க்கும் செயலிக்குப் படிக்கும் அனுமதி மட்டும் போதும்.

கடிகாரத்தைப் பாருங்கள். பேட்டரி மாற்றியதும் பிரஷர் மெஷினின் நேரம் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. காலை 6 மணிக்கு எடுத்த அளவுகள் நள்ளிரவில் போய் உட்கார்ந்தன. பேட்டரி மாற்றும் ஒவ்வொரு முறையும் தேதியையும் நேரத்தையும் சரிபார்க்கிறேன்.

பின்னணியில் ஓட விடுங்கள். பேட்டரியை மிச்சப்படுத்தக் கைப்பேசி வாட்சின் செயலியை மூடிவிடும். அன்றைய இரவு காணாமல் போகும். அந்தச் செயலிக்கு விலக்குக் கொடுத்து, காலையில் ஒரு முறை திறந்து பாருங்கள்.

வீட்டில் இருப்பவரைக் கேளுங்கள். மாலை ஏழரை முதல் ஒன்பது வரை உறக்கம் என்றது வாட்ச். “நாடகம் பாத்துக்கிட்டு அசையாம உக்காந்திருந்தாருடா, கண்ணு முழிச்சுதான் இருந்தாரு” என்றார் அம்மா. அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்துக் கணிக்கும் கருவிக்கு, அசையாத மனிதர் உறங்குபவராகத் தெரிவார். அன்று முதல் அம்மாவின் குறிப்பும் நோட்டுப் புத்தகத்தில் சேர்ந்தது.

ஷிப்ட் வேலைக்காரர்கள் கவனிக்க வேண்டும். பத்து பெரெண்டாம் தொழிற்சாலையில் நான் இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் உறங்குவதைச் செயலி வெறும் குட்டித் தூக்கமாகவே எழுதியது. உறங்கும் நேரத்தை நானே மாற்றி அமைத்த பிறகுதான் கணக்கு ஒழுங்கானது.

இரண்டு வார அளவுகளை ஒரே தாளில் அச்சடித்து கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். உறக்கம் துண்டு துண்டாக உடைந்த இரவுகளுக்கு மறுநாள் காலையில் அழுத்தம் ஏறியிருந்ததை டாக்டர் விரலால் தொட்டுக் காட்டினார். வாட்ச் சொல்வது நோய்க் கண்டறிதல் ஆகாது என்று தெளிவாகச் சொல்லி, இரவு முழுவதும் நடக்கும் உறக்கப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். மணிக்கு 5 தடவைக்குக் குறையாமல் மூச்சு நிற்கிறதா, குறைகிறதா என்று அதில்தான் எண்ணிப் பார்க்கிறார்கள். அப்பாவுக்கு உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவது உறுதியானது. இப்போது மூச்சுக்குழாய் அடைபடாமல் காற்றைச் செலுத்தும் மெஷினின் முகக்கவசத்தை மாட்டி உறங்குகிறார். அந்த மெஷின் எங்கள் செயலியோடு சேரவில்லை. எத்தனை மணி நேரம் மாட்டினார் என்பதை அம்மா நோட்டில் எழுதுகிறார், அதுவே போதுமானதாக இருக்கிறது.

தோட்டத்தில் உழைத்த பெற்றோரின் அசதியை வயசு என்று ஒதுக்கிவிடாதீர்கள். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறுவதைக் காதால் கேட்டால், எந்தக் கருவிக்கும் காத்திருக்க வேண்டாம். மறுநாளே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.