கோடை வேலை தந்த பாடத்தை வகுப்பறைக்குக் கொண்டுவருவோம்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், "விடுமுறையில் எங்கே போனீர்கள்?" என்று மாணவர்களைக் கேட்கிறோம். பாட்டி வீடு, கோயில் திருவிழா என்று சிலர் சொல்வார்கள். ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புகளில் வேறொரு பதிலும் வரும்: "வேலைக்குப் போனேன் சார்." ஏ.சி. மாட்டும் அண்ணனுக்கு உதவியாக, சிசிடிவி கேமராவுக்கு ஒயர் இழுக்க, இன்வெர்ட்டர் பேட்டரி தூக்க, டிஷ் மாட்ட என்று பதில்கள் நீளும். "சரி, உட்கார்" என்று சொல்லிவிட்டு முதல் பாடத்தைத் தொடங்கிவிடுவதுதான் நம் வழக்கம்.

அந்த மாணவர் இரண்டு மாதங்களில் பல வீடுகளுக்குள் போய் வந்திருக்கிறார். கோணம் பார்த்திருக்கிறார், கணக்குப் போட்டிருக்கிறார், முன்பின் தெரியாத பெரியவர்களிடம் பேசிப் பழகியிருக்கிறார். பள்ளி அதைக் கேட்கவில்லை என்றால், தான் அறிந்ததற்கும் பள்ளிக்கும் தொடர்பில்லை என்று அவர் முடிவு செய்துவிடக்கூடும். பத்தாம் வகுப்புக்குப் பின் திரும்பி வராமல் போகும் பிள்ளைகளில் சிலர் இந்த முடிவுக்கு வந்தவர்கள் என்பது என் அனுபவம். அந்தக் கோடை அறிவைப் பாடமாக்க மூன்று பாடவேளைகளில் நான் செய்துவரும் முயற்சியை இங்கே பகிர்கிறேன்.

இந்த வேலை எனக்குப் புதிதன்று. 2008ஆம் ஆண்டு பி.எட். தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த கோடையில், திண்டுக்கல் பகுதியில் டிஷ் மாட்டும் ஓர் அண்ணனுக்கு உதவியாளாக இருந்தேன். தமிழ்நாடு அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சி பல வீடுகளுக்கு வந்துவிட்டிருந்த காலம். ஒரு நாளில் ஐந்து, ஆறு வீடுகள். மொட்டை மாடியில் அண்ணன் டிஷ்ஷைத் திருப்புவார். கீழே தொலைக்காட்சிக்கு முன் நின்று, திரையில் தெரியும் சிக்னல் அளவை நான் கத்திச் சொல்ல வேண்டும். "நாற்பது... ஐம்பத்தஞ்சு... போச்சு அண்ணே, திரும்ப வாங்க... எழுபது, அப்படியே நிறுத்துங்க!" பல வீடுகளில் அந்த வீட்டுப் பிள்ளைகளே இந்தக் கத்தும் வேலையை ஆசையாக வாங்கிக்கொள்வார்கள்.

முதல் பாடவேளை: டிஷ் எங்கே பார்க்கிறது?

முதல் நாள் மாணவர்களுக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம். தங்கள் தெருவில் உள்ள டிஷ்கள் எந்தத் திசையைப் பார்க்கின்றன என்று குறித்து வர வேண்டும். மறுநாள் எல்லாக் குறிப்புகளையும் கரும்பலகையில் எழுதினால், ஏறத்தாழ அனைத்தும் தெற்குக்கும் கிழக்குக்கும் இடையில் வந்து நிற்கும். "ஏன் ஒரு டிஷ்கூட வடக்கே பார்க்கவில்லை?" என்ற கேள்வி அவர்களிடமிருந்தே எழும். பாடம் அங்கே தொடங்குகிறது.

தொலைக்காட்சிச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. பூமி தன்னைத்தானே சுற்றும் அதே 23 மணி 56 நிமிடத்தில் அதுவும் ஒரு சுற்றை முடிப்பதால், நமக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றுகிறது. நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருக்கிறோம். ஆகவே நம் டிஷ் தெற்குப் பக்கம் பார்க்கிறது. 2015 நவம்பரில் ஏவப்பட்ட ஜிசாட்-15 செயற்கைக்கோள் 93.5° கிழக்குத் தீர்க்கரேகையில் நிற்கிறது. தமிழ்நாடு 76°க்கும் 81°க்கும் இடையில் இருப்பதால், அது நமக்குத் தென்கிழக்கில் அமைகிறது.

வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளந்தால் அந்தச் செயற்கைக்கோள் கன்னியாகுமரியில் ஏறத்தாழ 116°, திண்டுக்கல்லில் 123°, சென்னையில் 134° திசையில் இருக்கிறது. ஆனால் அதன் ஏற்றக்கோணம் மூன்று ஊர்களிலும் 68° முதல் 69° வரைதான். ஊர் மாறினால் திசை மாறுகிறது, உயரம் அவ்வளவாக மாறவில்லை. ஏன்? சமூக அறிவியல் ஆசிரியரின் உலக உருண்டையை வாங்கி வைத்து, நூல் பிடித்து மாணவர்களே பார்க்கட்டும்.

இங்கே கூர்மையான மாணவர் ஒருவர் எதிர்க்கேள்வி கேட்பார். 68° என்றால் டிஷ் ஏறக்குறைய வானத்தைப் பார்த்துப் படுத்திருக்க வேண்டும். நம் வீட்டு டிஷ் அப்படி இல்லையே? உண்மைதான். வீட்டு டிஷ் ஒரு பெரிய பரவளையக் கிண்ணத்தின் ஓரத்திலிருந்து வெட்டி எடுத்த துண்டு போன்றது. அலைகள் மேலிருந்து வந்து பட்டு, கீழ்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியின் முனையில் குவிகின்றன. குவியம் அங்கே இருப்பதால், அலைகளை வாங்கும் கருவியின் நிழல் டிஷ்ஷின் மேல் விழுவதில்லை. ஒன்பதாம் வகுப்பில் குழியாடி நடத்தும்போதும், பன்னிரண்டாம் வகுப்பில் பரவளையம் நடத்தும்போதும் இதைவிட நல்ல கற்றல் கருவி எது? ஒவ்வொரு தெருவிலும் இலவசமாக நிற்கிறது.

இரண்டாம் பாடவேளை: தென்னை மரம் மறைக்குமா?

பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் உயரங்களும் தொலைவுகளும் நடத்தும்போது கலங்கரை விளக்கமும் கப்பலும் வருகின்றன. எங்கள் மாணவர்களில் பலர் இரண்டையும் நேரில் பார்த்ததில்லை. நான் தரும் கணக்கு இது:

ஒரு வீட்டு மொட்டை மாடியில் டிஷ் மாட்டுகிறோம். தென்கிழக்கே, செயற்கைக்கோள் இருக்கும் அதே திசையில், 4 மீட்டர் தொலைவில் ஒரு தென்னை மரம். ஏற்றக்கோணம் 68°. மரம் டிஷ்ஷின் மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரம் வளர்ந்தால் சிக்னலை மறைக்கும்?

tan 68°இன் மதிப்பு 2.475. எனவே உயரம் 4 × 2.475 = 9.9 மீட்டர். தொலைவு 2 மீட்டர் என்றால் 4.95 மீட்டர். இரண்டு, மூன்று கணக்குகள் போட்டதும் மாணவர்களே ஒரு விதி சொல்லிவிடுவார்கள்: "தொலைவைப்போல் இரண்டரை மடங்கு வரை பயமில்லை சார்." அந்த விதி tan மதிப்பின் வேறு பெயர் என்பதை அவர்கள் உணரும் நேரம் ஆசிரியருக்கு நிறைவானது. பிறகு பாகைமானி, உறிஞ்சுகுழல், நூல், சிறு கல் கொண்டு சாய்வுமானி செய்து, பள்ளி மைதானத்து வேப்பமரத்தின் ஏற்றக்கோணத்தை அளக்கலாம். காந்தத் திசைகாட்டியை இரும்புக் குழாய்க்கு அருகில் கொண்டுபோனால் முள் ஏன் தடுமாறுகிறது என்பதையும் அங்கேயே காட்டிவிடலாம்.

"ஒரு திருகு திருகினால் படம் போய்விடுமே, ஏன்?" என்று டிஷ் வேலைக்குப் போன மாணவர் கேட்டார். 60 செ.மீ. டிஷ் வானில் பார்ப்பது ஏறத்தாழ 3 பாகை அகலமுள்ள பகுதியை மட்டுமே. முழு நிலவின் அகலம் அரைப் பாகை. ஆக, ஆறு நிலவுகளை வரிசையாக அடுக்கிய அகலத்துக்குள் குறி வைக்க வேண்டும். மழை கொட்டும்போது படம் நிற்பதற்கும் காரணம் உண்டு. இந்த அலைகளின் அலைநீளம் ஏறத்தாழ இரண்டரை செ.மீ.; கனமழைத் துளிகள் அவற்றை உட்கவர்ந்தும் சிதறடித்தும் வலுவைக் குறைத்துவிடுகின்றன.

டிஷ் அனுபவம் இல்லாத மாணவர்களுக்கு வேறு கணக்குகள். இன்வெர்ட்டர் வேலைக்குப் போனவருக்கு: 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி சேமிக்கும் ஆற்றல் 1,800 வாட்-மணி. 75 வாட் மின்விசிறி இரண்டும் 10 வாட் விளக்கு ஐந்தும் ஓடினால் 200 வாட். தாளில் 9 மணி நேரம் வருகிறது. வீட்டில் ஏன் அவ்வளவு வருவதில்லை? சூரிய மின்தகடு மாட்டப் போனவருக்கு: தகடு தெற்கே பார்க்க, ஏறத்தாழ அந்த ஊரின் அட்சரேகை அளவுக்குச் சாய்த்து வைக்கிறார்கள், டிஷ் மட்டும் ஏன் தென்கிழக்கே பார்க்கிறது? ஒன்று சூரியனையும் மற்றது ஒரே இடத்தில் நிற்கும் செயற்கைக்கோளையும் பார்ப்பதை வகுப்பே சேர்ந்து கண்டுபிடிக்கும்.

மூன்றாம் பாடவேளை: கதவுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

கணக்கைவிடக் கனமான பாடம் இது. முன்பின் தெரியாத ஒருவர் நம்மை நம்பித் தம் வீட்டுக்குள் விடுகிறார். எனக்கு வேலை கற்றுத்தந்த அண்ணன் மூன்று விதிகள் வைத்திருந்தார். செருப்பை வெளியே விட வேண்டும். காட்டிய அறையைத் தவிர வேறு எங்கும் கண் போகக் கூடாது. கிளம்பும் முன் ரிமோட்டை வீட்டிலிருக்கும் மிக வயதானவர் கையில் கொடுத்து, மூன்று முறை அவரே சேனல் மாற்றிக் காட்ட வேண்டும். "நாம போன பிறகு அவங்க தனியா இருப்பாங்க தம்பி. நமக்குத் தெரியுறது பெரிசில்ல, அவங்களுக்கு வரணும்" என்பார். கற்றல் விளைவு, மதிப்பீடு என்று பி.எட்.டில் படித்ததன் பொருள் எனக்கு அந்த வாக்கியத்தில்தான் விளங்கியது. இன்றும் ஒரு பாடம் முடிந்ததும் வகுப்பின் பின்வரிசை மாணவரிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்துச் செய்து காட்டச் சொல்வது இதனால்தான்.

எல்லாக் கதவுகளும் ஒரே மாதிரி திறக்கவில்லை. ஒரு கிராமத்தில் வேலையைத் தொடங்கும் முன் கேட்ட கேள்வி, "எந்த ஊரு? ஊருக்குள்ள எந்தத் தெரு?" என்பது. தெருவைச் சொன்ன பிறகு தாகத்துக்குச் செம்பில் தண்ணீர் வரவில்லை. பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் வந்தது. "நீயே வச்சுக்க, திருப்பித் தர வேணாம்" என்ற சொல்லும் சேர்ந்து வந்தது. அண்ணன் ஒன்றும் பேசாமல் வேலையை முடித்தார். அந்த வீட்டிலும் ரிமோட்டைப் பாட்டி கையில் கொடுத்து மூன்று முறை மாற்றச் சொன்னார்.

இதை வகுப்பில் சொன்னதும் சில நொடிகள் அமைதி. பிறகு இரண்டு மாணவர்கள் தங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னார்கள். தீண்டாமையை ஒழிக்கும் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு அவர்கள் மனப்பாடம் செய்த ஒன்றுதான். அது ஒரு தண்ணீர்ப் பாட்டிலைப் பற்றியது என்பது அன்றுதான் தெரிந்தது. இப்படிப் பேசும்போது யாரையும் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது. யார் எந்தத் தெரு என்ற பேச்சு வகுப்புக்குள் வராமல் ஆசிரியர் காக்க வேண்டும்.

மாணவிகளில் பெரும்பாலோர் கதவுக்கு உள்ளே இருந்தவர்கள். அவர்களுக்கும் பாடம் உண்டு. பெரியவர்கள் இல்லாத நேரத்தில் வேலைக்கு ஆள் வந்தால் என்ன செய்வது, அடையாள அட்டை கேட்பது எப்படி, பிறகு வரும்படி மரியாதையாகச் சொல்வது எப்படி என்று இருவர் இருவராக நடித்துக் காட்டச் செய்கிறேன். தமிழ் ஆசிரியர் இதை உரையாடல் எழுதும் பயிற்சியாக எடுத்துக்கொண்டார். வந்தவரை இழிவுபடுத்தாமல் தன்னையும் காத்துக்கொள்ளும் மொழி கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று.

பாதுகாப்பும் சட்டமும்

இந்தப் பாடம் மாணவர்களை வேலைக்கு அனுப்புவதற்கானது அன்று. 2016இல் திருத்தப்பட்ட 1986ஆம் ஆண்டின் குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டத்தின்படி, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் தவிர, 14 வயது நிறையாத குழந்தையை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. 14 முதல் 18 வயதுக்குட்பட்டவர்களை அபாயகரமான வேலைகளில் ஈடுபடுத்தக் கூடாது. மற்ற வேலைகளிலும் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும். ஓய்வும் சேர்த்து நாளொன்றுக்கு ஆறு மணி நேரம்தான். இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை கூடாது. வாரம் ஒரு நாள் விடுமுறை. இதை மாணவர்களுக்கும் பெற்றோர் கூட்டத்திலும் சொல்ல வேண்டும். உதவிக்கு 1098 என்ற எண் வகுப்புச் சுவரில் இருக்கட்டும்.

சட்டத்தோடு இயற்பியலையும் சேர்த்துச் சொல்கிறேன். டிஷ்ஷிலிருந்து செட்டாப் பாக்ஸுக்கு வரும் ஒயரில் 13 அல்லது 18 வோல்ட்தான். அந்த ஒயரைத் தொட்டுப் பழகிய தைரியம் 230 வோல்ட் சுவிட்ச் பெட்டியில் உதவாது. மாடிக்கு அருகே 11,000 வோல்ட் கம்பி போகும் இடத்தில் இரும்புக் குழாயோ ஏணியோ கம்பியைத் தொடாமல் நெருங்கினாலே உயிர் போகலாம். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியின் ஓரமும் ஓட்டுக் கூரையும் மாணவர்கள் ஏறும் இடங்கள் அல்ல. "கீழே நின்று ஒயர் கொடுக்கிறேன், மேலே ஏற மாட்டேன்" என்று சொல்லும் உரிமை தமக்கு உண்டு என்பதை அவர்கள் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும்.

நடைமுறைக்குச் சில குறிப்புகள்

பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே இதைச் செய்வது நல்லது. "யார் வேலைக்குப் போனீர்கள்?" என்று கை தூக்கச் சொல்ல வேண்டாம், "விடுமுறையில் கற்றுக்கொண்ட ஒரு செய்முறையைப் பத்து வரியில் எழுதுங்கள்" என்றால் பூத்தொடுத்தவரும் மாடு மேய்த்தவரும் எழுதுவார்கள். எழுதியதற்கு மதிப்பெண் தர வேண்டாம். அதிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துப் பாடத்தில் வையுங்கள். முதல் வாரத்தில் வராதவர்களின் பட்டியலையும் அன்றே எடுத்துவிடுங்கள்.

சென்ற ஆண்டு அப்படி இருவர் வரவில்லை. இருவரும் பதினைந்து வயதினர், ஒருவர் ஏ.சி. வேலையில், மற்றவர் கேமரா வேலையில். இருவர் வீட்டுக்கும் போனேன். கேமரா வேலைக்குப் போனவரிடம் ஒரு கேமராவின் பார்வைக்கோணத்தை வரைந்து காட்டும்படி கேட்டேன். தரையில் குச்சியால் வரைந்தார். "இதை வகுப்பில் வந்து வரைந்து காட்ட வேண்டும்" என்று அழைத்தேன். மறுவாரம் வந்தார். மற்றவர் வீட்டில் கடன் இருக்கிறது. அவர் இன்னும் வரவில்லை. பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தொடர்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம். பாடம் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. ஆனால் தமக்குத் தெரிந்ததைக் கேட்க ஆள் இருக்கும் இடத்துக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். வரும் ஜூனில் உங்கள் வகுப்பிலும் கேட்டுப் பாருங்கள்.